பாடும் வாயும் படிக்கும் கண்ணும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில், கிறிஸ்தவ வழிபாட்டில் சங்கீதங்கள் என்னும் பொருள் பற்றி ஆற்றிய உரை)

 

சங்கீதங்களைப் பாடுவதும் அவற்றைச் சிந்திப்பதும் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தபோது யாம் சற்றே தயங்கினோம். யாம் இறையியல் கல்லூரியில் பயின்றவரல்லேம். அரசினர் பள்ளியொன்றில் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லும் ஆசிரியரேம். மேலும், இவ்வவையில் கிறிஸ்தவரும் உளர். பிற சமயத்தாரும் உளர். கல்விச் சங்கத்தின் மேடையில் ஆலயத்துப் பாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணவும் கூடும். ஆயினும், அமர்ந்து எண்ணிப் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. எமது குடும்பத்திற்குள் எழுத்து நுழைந்த வாசல் சங்கீதப் புத்தகமே. அந்த வாசலின் வழியே எழுத்து மட்டுமன்று, கேள்வி கேட்கும் துணிவும் உடன் நுழைந்தது. ஆதலின், இப்பொருள் கல்விச் சங்கத்திற்கு அயலானதன்று எனத் துணிந்து உங்கள் முன் நிற்கின்றோம்.

எம் பாட்டியார் எழுத்தறியாதவர். நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்று கூலி நெல் வாங்கிப் பிழைத்தவர். ஆனால் சங்கீதங்கள் பதினைந்துக்கு மேல் அவருக்கு மனப்பாடம். எங்கள் தெருவின் கூரை வேய்ந்த ஆலயத்தில், ஞாயிறு மாலை விளக்கொளியில் உபதேசியார் ஒரு வரி சொல்லுவார். கூடியிருப்போர் அதனைத் திருப்பிச் சொல்லுவர். இவ்வாறு வாரம் ஒன்றாக, ஆண்டுகள் பலவாக, காது வழியே நெஞ்சில் பதிந்தவை அப்பாடல்கள். அவருக்கு மிகவும் பிடித்தது 13-ஆம் சங்கீதம். அடுப்படியில் அமர்ந்து, ஒப்பாரி மெட்டில் அதனை இழுத்துப் பாடுவார்.

யாம் ஐந்தாம் வகுப்பில் பயின்ற காலத்தில் ஒரு நாள், அந்தச் சங்கீதத்தைப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்குமாறு அவர் பணித்தார். எழுத்துக் கூட்டி வாசித்தோம். இரண்டு வசனங்கள் முடியுமுன் கையுயர்த்தி நிறுத்தினார்.

"ராசா, நில்லு. எதுவரைக்கும், எதுவரைக்கும்னு சாமியப் பாத்தே கேக்குதே, அது அச்சுலயே இருக்குதா?"

"இருக்குது அப்பாயி."

"நல்லாப் பாத்துச் சொல்லு. நாங்களாச் சேத்துப் பாடுறது இல்லையே?"

"இல்ல அப்பாயி. நாலு தடவ அச்சடிச்சிருக்கு."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "சாமியவே கேக்கலாம்னு எழுதி வச்சிருக்கான். அப்பப் பண்ணைக்காரர மட்டும் கேக்கக்கூடாதா?"

அடுத்த அறுவடையில், கூலி அளந்த மரக்கால் சிறிதென்று அவர் களத்திலேயே வாய் திறந்து கேட்டார். அதன் பயன் என்னவெனில், மறுநாள் அவருக்கு வேலை இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு அதே களத்தில் பெண்கள் எழுவர் ஒன்றுகூடிக் கேட்டனர். மரக்கால் மாறியது. நாற்பது ஆண்டுகளாகப் பாடிய பாட்டு அன்றுதான் அவருக்குப் பொருள்பட்டது என்று யாம் கூறமாட்டோம். அவர் பட்ட துன்பமே அதன் பொருளை அவருக்குக் கற்பித்திருந்தது. ஆனால் அந்தக் கேள்வி தமது குற்றமன்று, நூலிலேயே பொறிக்கப்பட்ட உரிமை என்பதை அவர் அறிந்தது அன்றுதான். பாடுதல் அவரைத் தாங்கியது. படித்தல் அவரை எழுப்பியது. இன்று யாம் சொல்ல வந்தது இவ்வளவே. எஞ்சியவை இதன் விரிவுரை.

சங்கீத நூலைப் பற்றிச் சில செய்திகளை முதற்கண் அறிதல் நலம். எபிரேய மொழியில் எழுந்த 150 பாடல்களின் தொகுப்பு இது. ஐந்து பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. இரண்டே வசனங்கள் கொண்ட 117-ஆம் சங்கீதமும் இதில் உண்டு. எபிரேய எழுத்துகள் 22-க்கும் எழுத்துக்கு எட்டாக 176 வசனங்கள் கொண்ட 119-ஆம் சங்கீதமும் உண்டு. நூலின் எபிரேயப் பெயருக்குத் துதிகள் என்பது பொருள். ஆயினும், அறிஞர்கள் வகைப்படுத்திக் காணுங்கால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை முறையீட்டுப் பாடல்களாக உள்ளன. துதி என்னும் தலைப்பின்கீழ் இத்தனை அழுகுரலைச் சேர்த்து வைத்தவர்கள், அழுவதையும் வழிபாடென்றே கருதினர் என்பது தெளிவு.

இவற்றின் யாப்பும் நாம் அறியத்தக்கது. தமிழ்ச் செய்யுளில் எதுகையும் மோனையும் ஓசையால் அடிகளை இணைக்கின்றன. எபிரேயப் பாடலிலோ பொருளே பொருளோடு இணைகின்றது. முதலடி சொன்னதை இரண்டாமடி வேறு சொற்களால் மீண்டும் சொல்லும்; அல்லது மறுத்துச் சொல்லும்; அல்லது ஒரு படி மேலே கொண்டு செல்லும். எமது சொற்களிலேயே ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். "என் கூலி குறைந்தது" என்பது முதலடியாயின், "என் மரக்கால் தலை தட்டப்பட்டது" என்பது இரண்டாமடி. ஓசை மொழிபெயர்ப்பில் அழியும், பொருளிணைப்பு அழியாது. தரங்கம்பாடியில் 1706-ஆம் ஆண்டு வந்திறங்கிய சீகன்பால்கு தொடங்கிய விவிலிய மொழிபெயர்ப்பை, அவருக்குப்பின் சூல்ச் என்பார் தொடர்ந்து 1728 அளவில் முற்றுவித்தார். அக்காலந்தொட்டு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகத் தமிழில் அச்சில் வழங்கிவரினும், இப்பாடல்களின் நடையழகு குன்றாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். இரண்டாமடி முதலடியைத் திரும்பிப் பார்ப்பதால், பாடும்போதே சிந்திக்கவும் நமக்கு இடம் கிடைக்கின்றது.

நூலின் முதற் சங்கீதமே, வேதத்தை இரவும் பகலும் தியானிக்கும் மனிதனைப் போற்றுகின்றது. தியானம் என்றவுடன், கண்மூடி வாய்மூடி அமர்ந்திருத்தல் என நாம் கருதுகின்றோம். ஆனால் மூலத்திலுள்ள எபிரேயச் சொல், தாழ்ந்த குரலில் முணுமுணுத்தலைக் குறிப்பது; புறா முனகுவதற்கும் சிங்கம் உறுமுவதற்கும் வேதத்தில் அதே சொல் வழங்குகின்றது. எனவே வாய் ஓய்ந்த பின்பு மனம் செய்யும் வேலையன்று தியானம். வாயும் மனமும் ஒருங்கே செய்வது அது. ஆறாம் நூற்றாண்டில் தூய பெனடிக்ட் தம் துறவியருக்கு விதி வகுத்தபோது, 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்திற்குள் பாடி முடிக்கச் செய்தார். குரலோடு மனம் ஒத்திருத்தல் வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அவருக்கு முன் வாழ்ந்த தூய அகுஸ்தீனார், பாட்டின் பொருளைக் காட்டிலும் பாட்டின் இனிமையே தம்மை உருக்குமாயின் அது தமக்குக் குற்றமெனத் தோன்றுவதாகத் தம் வரலாற்றில் ஒளிவின்றி எழுதினார். ஒலிபெருக்கியின் முழக்கத்தில் சொல் மறைந்துபோகும் நம் காலத்திற்கும் அவ்வெச்சரிக்கை பொருந்தும்.

எம் பாட்டியார் கற்ற முறை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1645-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஏற்கப்பட்ட ஒரு வழிபாட்டு நெறிநூல், சபையில் பலர் எழுத்தறியாராயின் ஒருவர் சங்கீதத்தை வரி வரியாக வாசிக்க மற்றையோர் பாடுக என்று கூறிற்று. அத்தோடு அது நின்றுவிடவில்லை. வாசிக்கத் தெரிந்த ஒவ்வொருவர் கையிலும் சங்கீதப் புத்தகம் இருத்தல் வேண்டும். முதுமை முதலிய இயலாமை இல்லாத ஏனையோர் வாசிக்கக் கற்குமாறு தூண்டப்பட வேண்டும் என்றும் விதித்தது. வரி சொல்லிக் கொடுப்பதை அது இடைக்கால ஏற்பாடாகவே கருதிற்று. கற்பித்தலே அதன் குறிக்கோள்.

இம்முறை கடல் கடந்து அமெரிக்காவுக்குச் சென்றது. அங்கே அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களும் இவ்வாறே வரி கேட்டுப் பாடினர். ஆனால் அவர்களுக்குப் பாட்டு அனுமதிக்கப்பட்டது, எழுத்து மறுக்கப்பட்டது. தென் கரோலினாவில் 1740-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தடைசெய்தது. 1830-களில் தென் மாநிலங்கள் பலவற்றில் வாசிக்கக் கற்பிப்பதும் குற்றமாயிற்று. பாடும் அடிமையைக் கண்டு ஆண்டைகள் அஞ்சவில்லை. படிக்கும் அடிமையைக் கண்டே அஞ்சினர்.

அவ்வச்சம் பொய்க்கவில்லை. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்த பிரெடரிக் டக்ளஸ் என்னும் சிறுவனுக்கு, பால்டிமோரில் வீட்டுத் தலைவி எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கினார்; அவள் கணவர் அதனைத் தடுத்துவிட்டார். அச்சிறுவன் தெருப் பிள்ளைகளிடமும் பழைய ஏடுகளிலும் எஞ்சியதைக் கற்றான். 1838-இல் தப்பிச் சென்று விடுதலை பெற்றான். 1852-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள், ராச்செஸ்டர் நகரில் அமெரிக்க விடுதலை விழாவையொட்டிப் பேச அழைக்கப்பட்டபோது, அவர் கையிலெடுத்தது 137-ஆம் சங்கீதம். பாபிலோனில் சிறைப்பட்டோரிடம், உங்கள் ஊர்ப் பாட்டொன்று பாடுங்கள் என்று சிறைப்படுத்தியவர்களே கேட்ட கதை அது. அடிமைகள் விலங்கில் கிடக்க, உங்கள் விடுதலையைப் புகழுமாறு என்னைக் கேட்பதும் அத்தகையதே என்னும் கருத்தை அவர் அவையோர்முன் வைத்தார். பாடப்பட்டு வந்த சங்கீதம் படித்தவன் கையில் வழக்குரையாயிற்று. எழுத்து நமக்கும் பன்னூறாண்டுகள் மறுக்கப்பட்டதுதானே? ஆதலின் அவர் வரலாறு நமக்கு அயலார் கதையன்று.

இனி 13-ஆம் சங்கீதத்தை ஒரு பள்ளிப் பாடம்போல் வகுத்துக் காண்போம். ஆறே வசனங்கள். முதல் இரண்டில் முறையீடு. எதுவரை என்னும் வினா நான்கு முறை எழுகின்றது. அடுத்த இரண்டில் வேண்டுகோள், காரணத்தோடு. இறுதி இரண்டில் நம்பிக்கையும் பாட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதக் கற்பிக்கும்போது யாம் சொல்வதும் இதுவே: யாருக்கு எழுதுகிறாய், என்ன குறை, என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்பவை தெளிவாதல் வேண்டும். ஒன்றை இங்குக் குறித்துக்கொள்ளுங்கள். இச்சங்கீதத்தில் கேட்பவன் தன்னை இழித்துக்கொள்ளவில்லை. காலில் விழுந்து கெஞ்சவில்லை. நிமிர்ந்து நின்று கேட்கின்றான். விடை வருமுன்னரே பாடவும் செய்கின்றான்.

எல்லாச் சங்கீதங்களும் இவ்வாறு நம்பிக்கையில் முடிவதில்லை. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகின்றது. ஆறுதல் கூறும் ஒரு வரியும் அதன் இறுதியில் இல்லை. அதனையும் தொகுத்தோர் நீக்கிவிடவில்லை. சிலுவையில் இயேசுநாதர் எழுப்பிய கைவிடப்பட்டோனின் குரலும் 22-ஆம் சங்கீதத்தின் தொடக்கமே. நம் கூட்டங்கள் பலவற்றில் துதிப்பாடல்களே மிகுதி. துயருற்றவன் வந்து அமர்ந்தாலும் கைதட்டிப் பாடவே பணிக்கப்படுகின்றான். அவனுக்காக எழுதப்பட்ட பக்கத்தைத் திறக்காமல் அவனை வீட்டுக்கு அனுப்புதல் அறமாகுமா என்று சபைப் பெரியோர் சிந்திக்க வேண்டும்.

சினமும் சங்கீதங்களில் உண்டு. 137-ஆம் சங்கீதத்தின் முடிவு பகைவரின் குழந்தைகளையும் விட்டுவைக்காத கொடுஞ்சொல். அதனைச் சிந்தியாமல் பாடுதல் தீது. அப்படியொரு சொல்லே இல்லையெனப் பக்கத்தைத் தள்ளுதலும் மெய்யன்று. புண்பட்ட நெஞ்சில் அத்தகைய சினம் எழும் என்பதை நூல் ஒப்புக்கொள்கின்றது. அச்சினம் கடவுள்முன் சொல்லாகக் கொட்டப்படுகின்றது. கையில் ஆயுதமாக ஏந்தப்படவில்லை. நம் இளைஞர்களுக்கு இதனை அழுத்திக் கூற விரும்புகின்றோம். சினம் கொள்ளாதீர் என்று உங்களுக்குச் சொல்ல எமக்கு உரிமையில்லை. சினத்தைச் சொல்லாக்குங்கள், எழுத்தாக்குங்கள், சட்டத்தின் முன் வழக்காக்குங்கள் என்றே வேண்டுகின்றோம்.

பாட்டைக் கூறிவிட்டுக் கருவியைக் கூறாதொழிதல் முறையன்று. 150-ஆம் சங்கீதம் இறைவனைப் போற்றும் இசைக்கருவிகளை வரிசையாக அடுக்குகின்றது. அவற்றுள் ஒன்று எபிரேயத்தில் தோப் எனப்படும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது தம்புரு என்றிருப்பதால், நம்மவர் பலர் அதனை நரம்புக் கருவியென்றே எண்ணுகின்றனர். உண்மையில் அது வட்டச் சட்டத்தில் தோல் போர்த்திக் கையால் தட்டப்பட்ட பறையினக் கருவி. செங்கடலைக் கடந்த மிரியாம் கையிலெடுத்ததும் அதுவே. சட்டத்தில் தோல் போர்த்திய கருவி நம் முன்னோர் கையிலும் இருந்தது. ஆயினும், ஆர்மோனியத்திற்கும் வயலினுக்கும் இடமளித்த ஆலயங்கள் பல, பறையை வாசலுக்கு வெளியே நிறுத்தின.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய அருட்திரு தியோபிலஸ் அப்பாவு (1940–2005) அவர்கள், பரட்டை என்னும் பெயரில் நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்களை இயற்றினார். பறையையும் வழிபாட்டில் ஒலிக்கச் செய்தார். பறையை எடுப்பதா விடுப்பதா என்பதில் நம் சமுதாயத்தினுள்ளேயே இரு கருத்துகள் உண்டு. சாவு வீடுகளில் அடித்தே தீரவேண்டுமெனக் கட்டாயப்படுத்தப்பட்ட பெரியோரின் வடுவை யாம் அறிவோம்; அவர்கள் மறுப்பதை மதிக்கின்றோம். எனினும், பிறர் ஏவலால் அடித்த பறை வேறு, நம் விருப்பத்தால் இறைவன் முன் எடுக்கும் பறை வேறு என்பதையும் எண்ணிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டதும் இத்தகைய துணிவினாலன்றோ?

இறுதியாக ஒன்று. எம் பாட்டியார் மறைந்தபோது அவர் விருப்பப்படி அந்தச் சங்கீதத்தையே பாடி அடக்கம் செய்தோம். எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து ஒரு சுவர் நிற்கின்றது. சுவருக்கு இப்பக்கம் எங்கள் தெருவார், அப்பக்கம் பிறர். அதே மாலையில் அப்பக்கத்திலும் ஓர் அடக்க ஆராதனை நடந்தது. அங்கும் சங்கீதம் பாடப்பட்டது, ஒரே புத்தகத்திலிருந்துதான். இரு பக்கப் பாட்டும் சுவருக்கு மேலே கலந்து ஒலித்ததை யாம் கேட்டோம். வாய்கள் ஒன்றுபட்டன, மனங்கள் ஒன்றுபடவில்லை. சிந்தியாமல் பாடினால் என்ன நேரும் என்பதற்கு அன்றைய மாலையைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதன்பின் எங்கள் தெரு இளைஞர்கள் கூடிச் சுவரை அகற்றக் கோரி மனு எழுதினர். அதனைத் திருத்திக் கொடுத்தது யாமே. மனுக்கள் பல சென்றன. இதனை எழுதும் இந்நாள் வரை சுவர் விழவில்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது. கிறிஸ்தவர்களான நம்மவர் அரசுக்கு அனுப்பிய மனுக்களும் பலவாகும். சபையின் முன்னும் அரசின் முன்னும் நம் வினா ஒன்றே: எதுவரை? அதனை முதலிற் கேட்டவர்கள் நாமல்லோம் என்பதே சங்கீதம் நமக்குத் தரும் வலிமை.

ஆதலின், இளைஞர்களே, மூன்று செயல்களை உங்களிடம் வேண்டுகின்றோம். முதலாவது, வாரம் ஒரு சங்கீதத்தை எடுத்து, வாசிக்கத் தெரிந்தவர் வரி வரியாக வாசிக்க, தெருவார் அனைவரும் திருப்பிச் சொல்லுங்கள். முதியோருக்குத் தெரிந்த மெட்டை அவர்களிடம் கேட்டுப் பாடுங்கள். இரண்டாவது, பாடி முடித்தபின் கலையாதீர். பேசுவது யார், யாரிடம் பேசுகிறார், என்ன கேட்கிறார் என்னும் மூன்று வினாக்களுக்குச் சிறு பிள்ளையும் விடை சொல்லட்டும். மூன்றாவது, உங்கள் வீட்டில் எழுத்தறியாத முதியவர் ஒருவரேனும் இருப்பின், அவர் நெஞ்சிலுள்ள பாட்டை அச்சில் அவருக்குக் காட்டுங்கள். அவர் விரலைப் பிடித்து அந்த வரியின்மேல் வையுங்கள். எம் பாட்டியார் அவ்வாறுதான், தம் கடைசி ஆண்டுகளில், எதுவரைக்கும் என்னும் ஒரு சொல்லைத் தாமே வாசிக்கக் கற்றார். அந்த ஒரு சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது. உங்களுக்குப் போதாது, நீங்கள் முழு நூலையும் வாசிக்க வேண்டும், அதற்கப்பால் எல்லா நூல்களையும் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக உழைத்து வருகின்றது.